பதினாறு வயதில் குறித்த முகூர்த்தம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராக இருந்து நான் கையாண்ட ஒரு குழந்தைத் திருமணத் தடுப்பு நிகழ்வு இது. களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிப்பதால், ஊர், பள்ளி, உறவினர் பற்றிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நடந்தவற்றின் வரிசையும் எடுத்த முடிவுகளும் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டம் ஒன்றில் மலையடிவாரத்துச் சிற்றூர். மானாவாரி நிலம். ராகியும் துவரையும் நிலக்கடலையும் மழை பெய்தால் உண்டு. அறுவடை முடிந்ததும் ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். கணவனும் மனைவியுமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்வார்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் எல்லாரும் வந்து சேர்வார்கள்.

இந்தக் குடும்பமும் அப்படித்தான். மூன்று பெண்கள். மூத்தவளுக்கு 2021-இல், 18 வயது முடிந்த கையோடு திருமணம் நடந்தது. இரண்டாமவளுக்கு 2022 ஆகஸ்டில் 16 வயதும் மூன்று மாதமும். ஒன்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் 1 படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாமவள் உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில். வீட்டில் அப்பாவைப் பெற்ற பாட்டி மட்டும்.

மாப்பிள்ளையாகக் குறிக்கப்பட்டவர் அப்பாவின் அக்காள் மகன். வயது 25. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. முறை மாப்பிள்ளை என்பதால் பெண் பார்க்கும் சடங்குகூட நடக்கவில்லை. பிறந்தபோதே பேசி வைத்ததுதானே என்று இரு வீட்டாரும் பின்னர் சொன்னார்கள்.

தகவல் வந்ததும் முதல் விசாரணையும்

ஆவணி மாதம், வியாழக்கிழமை காலையில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல் ஊரின் பெயரையும் தெருவையும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பக்கத்து மாவட்டக் கோவில் ஒன்றில் திருமணம் என்று தெரிவித்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டது. அழைத்தவர் யார் என்று நாங்கள் தேடவில்லை, தேடவும் கூடாது.

முதலில் பள்ளிக்குப் போனோம். வருகைப் பதிவேட்டில் இரண்டு வாரமாக அவள் பெயருக்கு நேரே வருகை இல்லை. அம்மை போட்டிருக்கிறது என்று பாட்டி சொல்லி அனுப்பியிருந்தாராம். யாரும் போய்ப் பார்க்கவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவின்படி பிறந்த ஆண்டு 2006. அதன் நகலை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனோம்.

வீட்டில் பந்தலும் இல்லை, வாழை மரமும் இல்லை. பெங்களூரிலிருந்து பெற்றோர் வந்திருந்தார்கள். உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து, அதற்காகத்தான் வந்தோம் என்றார் அப்பா. பத்திரிகை அடிக்கவில்லை. எல்லாம் செல்பேசி அழைப்பிலேயே முடிந்திருந்தது. ஜன்னல் கம்பியில் தையல் கடைச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. மூன்று ரவிக்கைகள், அதில் ஒன்றுக்குக் கை வேலைப்பாடு, சனிக்கிழமை மாலைக்குள் கட்டாயம் வேண்டும் என்று கடைக்காரர் கோடிட்டு எழுதியிருந்தார். அளவு யாருடையது என்று கேட்டதும் அம்மா அழத் தொடங்கினார். அதற்கு மேல் யாரும் காதுகுத்தைப் பற்றிப் பேசவில்லை.

வயது பற்றிப் பேச்சு வந்தபோது ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்கள். அதில் 2004 என்று இருந்தது. எப்போது திருத்தப்பட்டது என்பதற்குத் தெளிவான பதில் வரவில்லை. வயதை உறுதிசெய்யும் வரிசையைச் சட்டமே வகுத்திருக்கிறது: முதலில் பள்ளிச் சான்று, அடுத்து உள்ளாட்சி வழங்கிய பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தவள் என்பதால் பிறப்புப் பதிவும் அன்று மாலையே கிடைத்தது. பள்ளிச் சான்றும் அதுவும் ஒத்துப்போயின.

அவளோடு தனியாகப் பேசியது கொல்லைப்புறத் துவைகல் பக்கத்தில். அழவில்லை. “எனக்கு மாமாவைப் பிடிக்கவில்லை என்று இல்லை. நல்லவர்தான். பிளஸ் 2 முடித்துவிடுகிறேன் என்று சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை” என்றாள். புது மனிதர்களிடம் முதல் சந்திப்பில் அதற்கு மேல் சொல்ல மாட்டாள் என்று தோன்றியது. அப்பாவைச் சிறையில் போட்டுவிடுவீர்களா என்று இருமுறை கேட்டாள்.

பாட்டி பேசியதை அன்றே குறித்துவைத்தேன். “நீயே சொல் தாயி. பள்ளிக்கூடம் விட்டு ஏழரை மணிக்கு வந்து இறங்குகிறாள். எனக்குக் கண் சரியாகத் தெரியாது. யாரோடு இறங்குகிறாள், யார் பின்னால் வருகிறார்கள் என்று நான் எப்படிப் பார்ப்பது? ஏதாவது ஆகிவிட்டால் மகன் என்னைத்தானே கேட்பான்?” இந்த நிகழ்வில் யாரேனும் காரணத்தை நேராகச் சொன்னார்கள் என்றால் அது இந்தப் பாட்டிதான். அன்று அதை ஒரு முதியவரின் புலம்பலாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

திருமணத்தை நிறுத்த எடுத்த முடிவுகள்

தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவர் தலைமையில் அன்றிரவே ஆலோசித்தோம். மூன்று வழிகள் இருந்தன: பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு திரும்புவது, காவல் நிலையத்தில் வழக்குப் பதிவது, நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெறுவது.

எழுதி வாங்குவது எளிது. திருமணம் பக்கத்து மாவட்டத்தில் நடக்கவிருந்ததால் அந்தத் தாளுக்கு அங்கே மதிப்பு இருக்காது. வழக்குப் பதிந்தால் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி திருமணத்தை நடத்துபவர்களுக்கும் அனுமதிக்கும் பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் தாலி இன்னும் ஏறவில்லை. அப்பா கைதானால் வருமானம் நின்றுபோகும். பழி முழுவதும் பெண் தலையில் விழும். அடுத்து அந்தத் தெருவிலிருந்து 1098-க்கு ஒருவரும் பேச மாட்டார்கள்.

ஆகவே தடையாணைக்குப் போனோம். களத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இதில் உண்டு. சாதாரணமாகக் குழந்தைத் திருமணம் நடந்துவிட்டால் இந்தியச் சட்டம் அதைத் தானாகச் செல்லாததாக்குவதில்லை. மணமானவர் தாமே நீதிமன்றம் போய், வயது வந்து இரண்டு ஆண்டுக்குள், ரத்து செய்யக் கோர வேண்டும். எத்தனை பெண்களால் அது முடியும்? நீதிமன்றத் தடையாணைக்குப் பிறகும் மீறி நடத்தினால், அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அவசர நேரத்தில் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமலே நடுவர் இடைக்கால ஆணை தரலாம். வெள்ளிக்கிழமை மாலை ஆணை கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் கோவில் நிர்வாகத்துக்கும் அன்றே சேர்ப்பித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை திருமணம் நடக்கவில்லை.

குழந்தைகள் நலக் குழு முன்

திருமண ஆபத்தில் இருக்கும் குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவே இளைஞர் நீதிச் சட்டம் கருதுகிறது. அதன்படி, அத்தகைய குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் அவள் நிறுத்தப்பட்டாள். சில நாள், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் வரவேற்பு இல்லத்தில் தங்கினாள். பிறகு அவளை எங்கே அனுப்புவது என்பதில் குழுவிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. 18 வயது வரை இல்லத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஓர் உறுப்பினர். தவறு செய்யாத பெண்ணை இரண்டு ஆண்டு வீட்டைவிட்டுப் பிரித்து வைப்பது அவளுக்குத் தண்டனை ஆகாதா என்றார் இன்னொருவர். சட்டமும் இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே சொல்கிறது.

பள்ளி இருக்கும் சிறுநகரில் அரசு மாணவியர் விடுதி இருந்தது. சேர்க்கை முடிந்துவிட்டது என்றார்கள். பெண்ணை விடுதியில் விடுவதா என்று அப்பாவும் தயங்கினார். வற்புறுத்த ஆளில்லாமல் அந்த யோசனை அங்கேயே நின்றுவிட்டது. பெற்றோரிடம் உறுதிமொழிப் பத்திரம் பெற்று, பாட்டி வீட்டுக்கே அவள் அனுப்பப்பட்டாள். தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்கு வராவிட்டால் வகுப்பாசிரியர் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பெற்றோர் பெங்களூருக்குத் திரும்பினார்கள். ஊர்க் கணக்கில் நிகழ்வு முடிந்துவிட்டது. மாத அறிக்கையிலும் நிறுத்தப்பட்ட திருமணங்கள் என்ற தலைப்பின் கீழ் ஒன்று கூடியது.

இரண்டாவது முயற்சி

2023 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தும் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் மதியமே வகுப்பாசிரியர் அழைத்துவிட்டார். சொல்லி வைத்த ஏற்பாட்டை யாரும் நினைவூட்டாமல் ஓர் ஆசிரியர் கடைப்பிடித்ததுதான் இந்த நிகழ்வின் திருப்பம். ஆகஸ்டில் இரண்டு வாரம் கவனிக்கப்படாமல் போன அதே பதிவேடு.

பொங்கல் சீர் கொடுக்கப் போனவள் அத்தை வீட்டிலேயே தங்கவைக்கப்பட்டிருந்தாள். தை முகூர்த்தம் ஒன்று ரகசியமாகக் குறிக்கப்பட்டிருந்தது. மாநில எல்லை தாண்டி ஒரு கோவிலில். அந்த மாவட்டத்துச் சமூகநல அலுவலர், காவல் துறையின் உதவியோடு அவளை மீட்டோம். நிச்சயத் தாம்பூலம் மட்டும் மாற்றி முடித்திருந்தார்கள்.

அத்தை எங்களை எதிர்கொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. இந்தச் சட்டத்தில் பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னை என்ன செய்துவிடுவீர்கள் என்று நேராகவே கேட்டார். திருமண முடிவை எடுத்தது அவரும் பாட்டியும். சட்டம் பிடிக்கக்கூடிய ஆள், முடிவில் பெரிதாகப் பங்கில்லாத அப்பா. தண்டனையைக் காட்டி மட்டும் இதைத் தடுக்க முடியாது என்பதற்கு வேறு சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டபோது, அத்தையின் கணவர்தான் வாய் தவறி அந்தத் தொகையைச் சொன்னார். எண்பதாயிரம் ரூபாய்.

காரணங்கள்: இரண்டாம் விசாரணையில் தெரிந்தவை

எங்கள் அறிக்கைப் படிவத்தில் திருமணத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ஆகஸ்டில் அதில் வறுமை என்று எழுதியிருந்தோம். நூற்றுக்குத் தொண்ணூறு படிவங்களில் அதுவோ அறியாமையோதான் இருக்கும் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அதே தெருவில் இவர்களைவிட ஏழ்மையான, ஒரு துண்டு நிலம்கூட இல்லாத வீட்டில் இவள் வயதுப் பெண் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மா வெளியூர் போகாமல் நூறு நாள் வேலையில் இருந்தார். வறுமைதான் காரணம் என்றால் முதலில் அங்கேயல்லவா திருமணம் நடந்திருக்க வேண்டும்?

எண்பதாயிரம் ரூபாய், மூத்த பெண்ணின் திருமணத்துக்கு அத்தை கொடுத்த கைமாற்று. பெருந்தொற்றுக் காலத்தில் பெங்களூர் வேலை நின்றுபோயிருந்தது; வேறு வழி இருக்கவில்லை. கடனைத் திருப்பிக் கொடு அல்லது பெண்ணைக் கொடு என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வழக்கமே கிடையாது. இரண்டாமவளுக்குச் சீர் எதுவும் வேண்டாம், அந்தப் பணத்தையும் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று அத்தை பெருந்தன்மையாகச் சொன்னார். அதை மறுத்தால் கடன் மறுநாளே கடனாகிவிடும். அதோடு, பிளஸ் 2 முடித்து மேலே படித்த பெண்ணுக்கு அதற்கேற்ற மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அதற்கேற்ற நகை போட வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. படிப்பு ஏற ஏறச் செலவும் ஏறும் என்று நம்பும் வீட்டில், படிக்க வைப்பதே கடன் வாங்குவது போலத்தான்.

இங்கே சற்று விலகிச் செல்ல வேண்டும். உலக அளவில் சிறுவயதில் மணமான பெண்கள் இன்று சுமார் 64 கோடிப் பேர் என்று யுனிசெஃப் 2023-இல் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் தெற்காசியாவில். விகிதத்தில் மிக உயர்ந்து நிற்பது ஆப்பிரிக்க நாடான நைஜர்: நான்கில் மூன்று பெண்களுக்கு 18-க்கு முன்பே திருமணம். நைஜரும் ஏழை நாடு, வங்கதேசமும் இந்தியாவும் வளரும் நாடுகள்; எனவே எல்லா இடத்திலும் ஏழ்மை ஒரே விதமாக வேலை செய்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை. சஹாராவுக்குத் தெற்கே பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணமோ கால்நடையோ தருகிறார்கள். இந்தியாவில் பணம் எதிர்த் திசையில் போகிறது. வறட்சி ஆண்டுகளோடு திருமண வயதை ஒப்பிட்டு 2020-இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மழை பொய்த்தால் ஆப்பிரிக்காவில் சிறுமியர் திருமணம் கூடுகிறது, இந்தியாவில் குறைகிறது. அங்கே திருமணம் வீட்டுக்குப் பணம் கொண்டுவருகிறது. இங்கே வரதட்சிணைக்குப் பணம் இல்லாமல் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்த வீட்டிலும் வறுமை மட்டும் இருந்திருந்தால் திருமணம் தள்ளித்தான் போயிருக்கும். சீர் வேண்டாம், கடனும் வேண்டாம் என்று அத்தை சொன்னதால் பணத்தின் திசை மாறிவிட்டது. தள்ளிப்போடுவதுதான் செலவு என்று ஆகிவிட்டது.

அது ஒரு பக்கம். மறுபக்கம், பாட்டி சொன்ன ஏழரை மணி. பள்ளி நான்கு மணிக்கு விடும். பிளஸ் 1-க்கும் அரசுப் பொதுத்தேர்வு இருந்ததால் ஐந்தரை வரை சிறப்பு வகுப்பு. ஊருக்குப் போகும் பஸ் ஐந்தேகாலுக்குப் புறப்பட்டுவிடும். அடுத்தது, அதுவே கடைசி, ஆறே முக்காலுக்கு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பிளஸ் 1 மாணவிகளுக்கு அரசு மிதிவண்டியும் தருகிறது. வழியில் மூன்று கிலோமீட்டர் காட்டுப் பாதை என்பதால் மிதிவண்டி திண்ணையில் சாத்தியே இருந்தது. பஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை; பஸ்தான் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தத்தில் நிற்பாள். அங்கே வேறு சாதிப் பையன் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துப் பெங்களூருக்குச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அடுத்த தெருப் பெண் ஒருத்தி வீட்டைவிட்டுப் போய் மணம் செய்துகொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தோடு ஊர் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தது. செய்தி வந்த வாரத்திலேயே முகூர்த்தம் குறிக்கப்பட்டது. எண்பதாயிரம் ரூபாய் ஓராண்டாக இருந்த கடன். அது நாள் குறிக்கவில்லை. நாளைக் குறித்தது பஸ் நிறுத்தத்துப் பேச்சு.

இன்னொன்றை அப்பா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மூத்தவளை 18 வரை வைத்திருந்ததற்கு ஒரு காரணம், அரசின் திருமண உதவி. பத்தாம் வகுப்பு முடித்து 18 நிறைந்த பெண்ணுக்கு 25,000 ரூபாயும் எட்டு கிராம் தங்கமும் கிடைத்த திட்டம் அது. 2022-இல் அது உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் 2 வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய். நல்ல மாற்றம்தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கல்லூரியைக் கற்பனைகூடச் செய்யாத வீட்டுக்கு, 18 வரை காத்திருக்க இருந்த ஒரே காரணம் போய்விட்டது. புதிய காரணம் இன்னும் வந்து சேரவில்லை. வங்கதேசத்தில், 18 வரை மணமாகாத பெண்களின் வீட்டுக்குச் சமையல் எண்ணெய் வழங்கிய ஒரு சோதனைத் திட்டத்தில் சிறுவயதுத் திருமணம் கணிசமாகக் குறைந்தது. காத்திருப்பதற்கு வீட்டுக்கு ஏதாவது கையில் கிடைத்தால் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

அறியாமை என்று எழுத இந்த வீட்டில் இடமே இல்லை. சட்ட வயது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஆதார் திருத்தப்பட்டது, பந்தல் போடப்படவில்லை, காதுகுத்து என்று சொல்லப்பட்டது.

இரண்டாம் முறை எடுத்த முடிவுகள்

இந்த முறை காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம்.

முதலில் மாப்பிள்ளை. ஆகஸ்டில் அவரிடம் யாரும் பேசவில்லை. ஆணையின் நகலைக் கொடுத்ததோடு சரி. இப்போது சமூகநல அலுவலர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். தடையாணை இருப்பதால் தாலி கட்டினாலும் அது திருமணமே ஆகாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள மனைவியோடு உடலுறவு கொள்வதும் பாலியல் வன்புணர்வே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கும் வரும். அவர் வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டு எடுத்திருந்தார். குற்ற வழக்கு வந்தால் அது என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியும். அம்மா சொன்னதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்றார். அன்று மாலை அவரே அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எந்த ஆணையும் செய்யாததை அந்த அரை மணி நேரப் பேச்சு செய்தது.

அடுத்து கடன். பெண்ணின் அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். குழுவின் வழியாக ஐம்பதாயிரம் ரூபாய் வங்கிக் கடன் கிடைத்தது. மீதியைத் தவணையில் தருவதாக ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிந்தது. இதைத் தீர்வு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. மகள் தலையில் இருந்த சுமை தாயின் தலைக்கு மாறியது, அவ்வளவுதான். ஆனால் வங்கிக் கடனுக்கு யாரும் பெண் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, அவள் எங்கே இருப்பது. மாவட்ட நிர்வாகத்தின் சிறப்பு அனுமதியோடு விடுதியில் இடம் கிடைத்தது. இந்த முறை அப்பா உடனே ஒப்புக்கொண்டார். பாட்டியை அழைத்துப் போய் விடுதியைக் காட்டினோம். வாசலில் காவலர் இருக்கிறார், ஆறு மணிக்குக் கதவு சாத்தப்படும் என்பதைப் பார்த்த பிறகே அவர் முகம் தெளிந்தது. பெண்ணை அடைத்து வைப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு நாங்களும் துணைபோகிறோமா என்று கூட வந்த சக ஊழியர் கேட்டார். நியாயமான கேள்வி. பதினாறு மாதம் கடக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணத்தை மாற்ற அது போதாது.

வழக்குப் பதிவு செய்வதா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. ஆணையை மீறும் முயற்சி நடந்திருந்தது. இரு வீட்டாரையும் நடுவர் நேரில் வரவழைத்து எச்சரித்ததோடு விடப்பட்டது. பின்னர் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குழந்தைத் திருமணம் பற்றி வழங்கிய வழிகாட்டு நெறிமுறைகளும் தண்டனையைவிடத் தடுப்புக்கே முன்னுரிமை தந்தன. இருந்தாலும், மூன்றாவது முயற்சி ஒன்று நடந்திருந்தால் இந்த முடிவை என்னால் தாங்கிப் பேசியிருக்க முடியாது.

பின்பு நடந்தவை

2024 மார்ச்சில் அவள் பிளஸ் 2 தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றாள். மே மாதம் 18 வயது நிறைந்தது. இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பாதியைப் பாட்டிக்கு அனுப்புகிறாள் என்று கேள்விப்பட்டேன். பஸ் நிறுத்தத்துப் பையனைப் பற்றி ஒருமுறை கேட்டபோது சிரித்துவிட்டாள். அவன் கணக்குப் பாட நோட்டு வாங்க நின்றவன்.

அப்பாவும் அத்தையும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. தவணை மட்டும் போகிறது.

ஊரில் ஏற்பட்ட விளைவு கலவையானது. ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழு முன்பு பெயரளவில் இருந்தது, இப்போது கூடுகிறது. அதேசமயம், திருமணங்கள் இன்னும் மறைவாகப் போய்விட்டன. 2023 இறுதியில் அந்தப் பகுதிச் செவிலியர் கர்ப்பப் பதிவுக்கு வந்த ஒரு பெண்ணின் வயதைப் பார்த்து எங்களை அழைத்தார். 17 வயது. ஆறு மாதம் முன்பே வேறு மாநிலத்தில் தாலி கட்டியிருந்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன் மணமானவர்கள் இந்தியாவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8. முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைவு. ஆனால் நிறுத்தப்பட்ட திருமணங்களை மட்டும் எண்ணும் எங்கள் மாத அறிக்கையில் இந்தப் பெண் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

மாற வேண்டியவை

முதல் விசாரணையிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் சிலவற்றை இப்போது எங்கள் அலகில் சேர்த்திருக்கிறோம். இரு வீட்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டா? மூத்த பிள்ளையின் திருமணச் செலவு எங்கிருந்து வந்தது? பள்ளி விட்டபின் பெண் யார் பொறுப்பில் இருக்கிறாள்? கடைசி ஒரு மாதத்தில் வீட்டுக்கு என்ன செய்தி வந்தது? முதல் மூன்றும் ஏன் திருமணம் என்பதைச் சொல்லும். நான்காவது, ஏன் இப்போது என்பதைச் சொல்லும். தடுப்பதற்கு நான்காவது கேள்வியின் விடைதான் உடனடியாகத் தேவைப்படுகிறது.

மாப்பிள்ளையிடமும் அவர் வீட்டாரிடமும் முதல் நாளே பேச வேண்டும். சட்டத்தின் முழுச் சுமையும் வந்து விழப்போவது மாப்பிள்ளை மீது. அது பெரும்பாலும் அவருக்குத் தெரிவதே இல்லை.

உறுதிமொழிப் பத்திரத்தோடு பெண்ணை அதே சூழலுக்கு அனுப்புவதானால், அந்தச் சூழலில் எது மாறியிருக்கிறது என்று குழுவின் ஆணையிலேயே எழுத வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் அனுப்பக் கூடாது. பெற்றோர் இருவரும் புலம்பெயர்ந்து போகும் வீடுகளின் பட்டியல் பள்ளிகளிடம் உள்ளது. எட்டாம் வகுப்பிலிருந்தே அந்தப் பெண்களுக்கு விடுதியில் முன்னுரிமை தரலாம். இந்தக் குடும்பத்தின் மூன்றாவது பெண்ணுக்கு, ஒன்பதாம் வகுப்பில் சேரும்போது இடம் ஒதுக்கக் கேட்டு இப்போதே எழுதியிருக்கிறோம்.

ஐந்தேகால் பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளிப் புறப்படச் செய்யக் கேட்டு, தலைமை ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மனு கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து நேரம் மாற்றப்பட்டது. அந்தத் தடத்தில் உள்ள மற்ற நான்கு ஊர்ப் பெண்களும் இப்போது சிறப்பு வகுப்பு முடிந்து அதில்தான் வீடு திரும்புகிறார்கள்.